டர்பன் அங்கிள் அழைத்த பெயர்

அமெரிக்காவில், எங்கள் பிஸ்கட்டவே ஊரில் உயிரோடிருந்தவர்களைவிடச் செத்துப்போனவர்களை அதிகம் தெரிந்துவைத்திருந்தவர் டர்பன் அங்கிள் ஒருவர்தான். தொண்ணூறுகளில் எங்கள் அபார்ட்மென்ட்டின் கீழ்வீட்டில் மகளோடு இருந்தார். டர்பன் நகரத்திலிருந்து வந்த, எழுபதைத் தொட்ட தென்னாப்பிரிக்கத் தமிழர்.

யாரைப் பார்த்தாலும் "உங்க தாத்தா பேரு என்ன?" என்பார். சொல்லிவிட்டால் தொலைந்தோம். ஆளுக்கொரு பதார்த்தம் கொண்டுவரும் ஒரு பாட்லக் விருந்தில் புளியோதரைக்கு நின்ற முருகேசனைப் பார்த்து, "வாங்க, காளியப்பன் பேரனே!" என்று போட்டார் ஒரு சத்தம். முருகேசன் தட்டோடு திரும்பிப் பின்னால் பார்த்தான். "எங்க தாத்தா நிக்கிறாருன்னே நெனச்சிட்டேன்டா" என்றான் என்னிடம். அன்று அவன் சாப்பிடவில்லை.

ஒருநாள் லாண்டரி அறையில் ஒரு கறுப்பினப் பேராசிரியர் துணி மடித்துக்கொண்டிருந்தார். தன் பெயர் குமாலோ என்றார். அங்கிள் உடனே இரண்டு கைகளையும் உயர்த்தி, "ம்ந்துங்வா! ம்புலாசி!" என்று முழங்கினார். பேராசிரியரின் கையிலிருந்த போர்வை நழுவியது. விறைத்து நின்றார், கண் நிறைந்துவிட்டது.

"என்ன அங்கிள் சொன்னீங்க?"

"அவங்க குலத்துப் புகழ்ப்பேரு, man. ஜூலுக்காரங்களுக்கு surname வெறும் address மாதிரி. இதுதான் ஆளு. ராஜாவோட மோதிக்கிட்டு வடக்கே போன கதைகூட இந்தப் பேருங்களுக்குப் பின்னால இருக்கு. கும்பிடும்போது, புள்ளையத் தூங்கவைக்கும்போது, செத்தவங்களை வீட்டுக்குக் கூப்பிடும்போது இதைத்தான் சொல்லணும்."

"கூப்பிட்டா வருவாங்களா?"

"வராமலா கூப்பிடுறாங்க?"

எனக்கு மகள் பிறந்த குளிர்காலத்தில், வெளிச்சம் மங்கத் தொடங்கியதும் குழந்தை வீறிடும். ஹீட்டருக்கு மேலிருந்த மூலையையே வெறித்துப் பார்த்து அழும். டாக்டர் வாயு என்றார். என் மனைவி சித்ரா அந்த மூலைப்பக்கம் போவதையே விட்டுவிட்டாள்.

அழுகை கேட்டு அங்கிள் ஏறி வந்தார். "யாரையோ கூப்பிடாம விட்டிருக்கீங்க" என்றவர், என் அப்பா, தாத்தா பெயர்களை வாங்கிக்கொண்டு ராகம்போட்டுச் சொன்னார். குழந்தை இன்னும் வீறிட்டது.

"அவ்வளவுதானா? அதுக்கு மேல தெரியாதா?" என்று என்னை முறைத்துவிட்டுக் கண்ணை மூடிக்கொண்டார். "ஏரியை நீந்தினவளே, உலகாயி!"

அழுகை நின்றது. குழந்தை மூலையை விட்டுவிட்டு, அங்கிளின் தோளுக்குப் பக்கத்தில், யாருமில்லாத இடத்தைப் பார்த்துச் சிரித்தது. மூடிய அறையில் ஈரத் தலைமுடியும் பாசியும் கலந்த வாசனை. சித்ராவும் முகர்ந்தாள்.

"யார் அங்கிள் உலகாயி?"

"எங்கம்மா. உங்க பேருங்க தீர்ந்துபோச்சு, என்னோடதைச் சொன்னேன். எனக்கு மூணு வயசுல செத்துப்போயிட்டா. முகம் தெரியாது. பக்கத்து வீட்டு ஜூலுக்காரம்மா, அம்மாகிட்டக் கதை கேட்டு இந்தப் புகழ்ப்பேரு கட்டியிருந்தாங்க. அது மட்டும்தான் என்கிட்ட இருக்கு."

அந்த வாரம் சேலத்திலிருந்த அப்பாவிடம் பேசும்போது இதை வேடிக்கையாகச் சொன்னேன். அந்தப் பக்கம் அப்பா டிவியை அணைப்பது கேட்டது.

"ஏரியும் சொன்னாரா?"

"ஆமாப்பா."

"எங்கத்தைடா அது. கல்யாணத்துக்கு மொத நாளு ஏரிய நீந்திப் போயிருச்சு. கப்பலேறிருச்சுன்னாங்க. அந்தப் பேர வாய்லயே எடுக்கக்கூடாதுன்னு எங்கப்பன் சத்தியம் வாங்கிட்டாரு." அப்பா குரலைத் தாழ்த்தினார். "நல்லாருந்துச்சா அத்தை?"

கீழே போய் அங்கிளிடம் அப்படியே சொன்னேன். ஊர்ப்பட்ட பெயர்களை முழக்கும் மனிதர் மெல்லக் கேட்டார்.

"அப்ப நான் உனக்கு என்ன முறை?"

"மாமா."

"என்ன?"

"மாமா."

"காது சரியா கேக்கல, man. இன்னொரு தரம் சொல்லு."

அவருக்குக் காது நன்றாகவே கேட்கும். அவர் போதும் என்கிறவரை நான் சொல்லிக்கொண்டே இருந்தேன்.