ஆமைக்குப் போர்த்திய கம்பளி

விஞ்ஞானம் படிப்பிக்கிற டீச்சர் ஒருத்தி தன் வீட்டுக்குத் தானே நெருப்பு வைத்தாள் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். வீட்டுக்கு இல்லை, கட்டிலுக்குத்தான். அந்த டீச்சர் நானே என்பதால் விவரம் எனக்குச் சரியாகத் தெரியும்.

அப்போது எனக்கு வயது இருபத்தாறு. மலையகத்தில் உடப்புசல்லாவைப் பக்கம், நாங்கள் குடியிருந்த தேயிலைத் தோட்டத்துப் பாடசாலையிலேயே வேலை கிடைத்திருந்தது. தோட்டத் தொழிலாளர் வரிசை வீடான லயத்தில் பிறந்து, அங்கிருந்தே படித்து, அதே லயத்துப் பிள்ளைகளுக்கு டீச்சரானவள் வேறு. தலைக்கனம் எவ்வளவு இருந்திருக்கும் என்று நீங்களே நினைத்துக்கொள்ளுங்கள். கடைக்குப் போய்ச் சீனி வாங்கினால்கூட அது கரைவது எப்படி என்று கடைக்காரருக்கு விளக்கிவிட்டுத்தான் வருவேன். (பாவம் அந்தக் கடை நானா, கடைசி வரைக்கும் கேட்டுக்கிட்டு நிப்பாரு.)

நிச்சயதார்த்தம் முடிந்திருந்தது. மாப்பிள்ளை சிவநேசனுக்குக் கொழும்பில் மீன் தொட்டிகள் விற்கும் ஒரு கடையில் வேலை. பொங்கலுக்கு வந்தவர் என்னிடம் ஓர் அட்டைப் பெட்டியை நீட்டினார். சேலை என்று நினைத்துத் திறந்தேன். உள்ளே ஒரு சின்னத் தண்ணீர் ஆமை. கன்னத்தில் சிவப்புக் கோடு. தலையை நீட்டி என்னை ஒரு தரம் பார்த்துவிட்டு உடனே உள்ளே இழுத்துக்கொண்டது. (என்னைப் பத்தி அதுக்கு அன்னிக்கே தெரிஞ்சிருக்கு.)

அம்மாவுக்கு முகம் விழுந்துவிட்டது. மாப்பிள்ளை பஸ் ஏறும்வரை பொறுத்துக்கொண்டிருந்துவிட்டு என்னைப் பிடித்துக்கொண்டார்.

"ஆமை புகுந்த வீடு உருப்படாதுன்னு தெரியாதா ஒனக்கு? அதுவும் கல்யாணத்த வச்சிக்கிட்டு."

நான் மூடநம்பிக்கையைப் பற்றி ஒரு பாடமே எடுத்தேன். அம்மா அசையவில்லை. ஆனால் மாப்பிள்ளை கொடுத்த பொருளைத் திருப்பிக் கொடுத்தாலும் மரியாதை இல்லையே. கடைசியில் ஓர் உடன்பாட்டுக்கு வந்தோம். ஆமை இருக்கலாம், ஆனால் கல்யாணம் முடியும்வரை லயத்தில் ஒருவர் கண்ணிலும் படக்கூடாது. ஆகவே அது அலுமினிய பேசினில் என் கட்டிலுக்கு அடியில் குடியேறியது.

எங்கள் லயத்தில் மொத்தம் பன்னிரண்டு வீடுகள். படுக்க ஒரு காம்பரா, சமைக்க ஒரு குசினி, முன்னால் திண்ணை மாதிரி ஓர் இஸ்தோப்பு, அவ்வளவுதான் ஒரு வீடு. இடையில் இருக்கும் சுவர்கள் மேலே கூரையைத் தொடாது. ஒரு வீட்டில் கருவாடு பொரித்தால் பன்னிரண்டு வீட்டிலும் சோறு இறங்கும். தீயும் அப்படித்தான் போகும். பக்கத்து டிவிசனில் ஒரு லயம் தீப்பிடித்தபோது முதல் வீட்டிலிருந்து கடைசி வீடுவரை எரிந்து முடிய ஒரு மணி நேரம்கூட ஆகவில்லை. அந்தச் சனங்கள் தோட்டத்துக் குழந்தைகள் காப்பகமான பிள்ளைக் காம்பராவில் பாய் விரித்துப் படுத்துக் கிடந்ததை நான் பார்த்திருக்கிறேன். அந்த லயத்திலிருந்து எங்கள் லயத்துக்கு வாழ்க்கைப்பட்டு வந்தவர்தான் பக்கத்து வீட்டு லெச்சுமி அக்கா. பிள்ளை பெற்று ஒன்றரை மாதம். குழந்தையின் தொட்டில் எங்கள் சுவரோரமாகத்தான் தொங்கியது. குழந்தை இருமினால் எனக்குக் கேட்கும்.

இவ்வளவும் தெரிந்த நான்தான் அடுத்த வேலையைச் செய்தேன்.

தை மாதக் குளிர் உங்களுக்குத் தெரியாவிட்டால் அது உங்கள் அதிர்ஷ்டம். விடியற்காலையில் புல்லெல்லாம் வெள்ளையாகக் கிடக்கும். ஆமை தின்பதை நிறுத்திவிட்டது. கீரை போட்டேன், நெத்தலி போட்டேன், ஏறெடுத்தும் பார்க்கவில்லை. நான்கு நாட்களாகக் கல்லைப் போலக் கிடந்தது. மாப்பிள்ளைக்குப் போன் போட்டேன். குளிரில் அப்படித்தான் இருக்கும், பகலில் வெயிலில் வையுங்கள், ஞாயிற்றுக்கிழமை தண்ணீரைச் சூடாக்கும் கருவியோடு வருகிறேன், அளவான சூடு வந்ததும் அது தானாகவே நின்றுவிடும், அதுவரைக்கும் நீங்களாக எதுவும் செய்ய வேண்டாம் என்றார். 'எதுவும்' என்பதை இரண்டு தரம் சொன்னார்.

வெயிலில் வைத்தால் லயமே பார்த்துவிடும். தவிர, மீன் கடைக்காரர் விஞ்ஞான டீச்சருக்குச் சொல்லித் தருவதா?

லெச்சுமி அக்கா கோழிக்குஞ்சுகளுக்குப் பல்ப் போட்டு வைத்திருந்ததைப் பார்த்திருக்கிறேன். அவர் தகர டின்னில், குஞ்சுகளுக்கு எட்டாத உயரத்தில், மேலே திறந்தபடி கட்டியிருந்தார். நான் அதைத் 'திருத்தி' அமைத்தேன். அட்டைப் பெட்டிக்குள் பேசினை வைத்தேன். அதற்கு ஒரு சாண் மேலே நூறு வாட் பல்ப். வயர் எட்டவில்லை என்று இன்னொரு துண்டு வயரை முறுக்கி டேப் சுற்றினேன். வெளிச்சம் வெளியே தெரிந்தால் அம்மாவுக்குப் பயம், சூடு வெளியே போனால் எனக்குக் கவலை. இரண்டுக்கும் மருந்தாக அம்மாவின் பழைய கம்பளியை மேலே போர்த்தினேன். அதன் மேல் கட்டில், கட்டில் மேல் தேங்காய்த் தும்பு மெத்தை. அடுப்பு கட்டுகிறவன்கூட இவ்வளவு ஒழுங்காக அடுக்கியிருக்க மாட்டான்.

அடுத்த நாள் சனிக்கிழமை. அம்மா கொழுந்தெடுக்க மலைக்குப் போய்விட்டார். நான் கதவைப் பூட்டிவிட்டு மேலதிக வகுப்புக்குப் போனேன். பாடம் என்ன என்று தயவுசெய்து கேட்காதீர்கள். வெப்பம்.

பாடசாலை மேட்டில் இருக்கிறது. ஜன்னலால் பார்த்தால் கீழே எங்கள் லயம் முழுதாகத் தெரியும். சூடான காற்று எப்போதும் மேலே எழும் என்று சொல்லி, உதாரணத்துக்கு ஜன்னல் பக்கம் கையை நீட்டினேன்.

"அங்க பாருங்க, அந்த லயத்துலயிருந்து வர்ற புகை எவ்வளவு அழகா மேல போகுது."

முப்பது பிள்ளைகளும் பார்த்தார்கள். நானும் பார்த்தேன். புகை குசினிப் பக்கத்திலிருந்து வரவில்லை, முன்பக்கத்திலிருந்து வந்தது. இடமிருந்து எண்ணினேன். ஐந்தாவது வீடு. எங்கள் வீடு.

எப்படி ஓடினேன் என்று எனக்கு நினைவில்லை. ஒரு செருப்பு தேயிலைக்குள் போயிற்று. முப்பது பிள்ளைகளும் பின்னாலேயே ஓடி வந்தார்கள். மனதில் கட்டில் இல்லை, கல்யாணச் சேலை இல்லை, சத்தியமாக ஆமையும் இல்லை. அந்தத் தொட்டில் மட்டும்தான் இருந்தது. முருகா, அந்தப் பிள்ளைக்கு ஒன்றும் ஆகக்கூடாது என்று சொல்லிக்கொண்டே ஓடினேன்.

லெச்சுமி அக்கா எனக்கு முந்திவிட்டார். கம்பளி கருகும் நாற்றம் சுவருக்கு மேலால் வந்ததுமே குழந்தையைக் கோயில் பக்கம் மாமியாரிடம் கொடுத்து அனுப்பிவிட்டு, கோடாலியால் எங்கள் பூட்டை உடைத்திருந்தார். கதவுக்குள்ளிருந்து கறுப்பாகப் புகை வந்தது. நான் வாளித் தண்ணீரோடு பாயப் போனேன். அக்கா என் சேலையைப் பிடித்து இழுத்து நிறுத்தினார்.

"மொதல்ல மெயின அமத்தணும் டீச்சர். கரண்டு மேல தண்ணிய ஊத்தப் போறீங்களா?"

அவரே போய் மெயின் சுவிட்சை அமர்த்தினார். அதற்குப் பிறகுதான் வாளிகள் வந்தன. தண்ணீர் விழும் பீலியிலிருந்து வீட்டுவாசல்வரை வரிசையாக நின்று ஆண்களும் பெண்களும் என் முப்பது பிள்ளைகளும் கைமாற்றிக் கொடுத்தார்கள். தும்பு மெத்தை என்பதால் சுவாலை எழாமல் புகைந்துகொண்டே இருந்தது. அது எங்கள் நல்ல காலம். ஒரு கால் மணி நேரத்தில் அணைந்துவிட்டது. மெத்தை போயிற்று, கட்டிலின் ஒரு பக்கம் போயிற்று, சுவர் கறுத்தது. கூரை மரத்தில் தீ ஏறவில்லை. பன்னிரண்டு வீடும் இருந்த இடத்தில் இருந்தது.

மாமியார் குழந்தையோடு திரும்பி வந்தார். அது வாயைத் திறந்துகொண்டு நன்றாகத் தூங்கிக்கொண்டிருந்தது. அதைக் கையில் வாங்கியதும் எனக்கு அழுகை வந்துவிட்டது. அத்தனை பேர் முன்னால், என் மாணவர்கள் முன்னால், மூக்கு ஒழுக ஒழுக அழுதேன். அவ்வளவு நிம்மதியை அதற்கு முன்னும் பின்னும் நான் அனுபவித்ததில்லை.

அம்மா மலையிலிருந்து கூடையோடு ஓடி வந்தார். என்னைக் கட்டிப் பிடித்து, தலை, கை, கால் எல்லாம் தடவிப் பார்த்தார். எல்லாம் முழுதாக இருப்பது உறுதியானதும் முதுகில் ஒன்று வைத்தார்.

கரண்டு ஒழுக்காக இருக்கும் என்று கங்காணி சொல்லிக்கொண்டிருந்தார். ஆமாம் ஆமாம் என்று தலையாட்டிக்கொண்டிருந்தேன். (பொய்தான். அந்த நேரத்துல வேற என்ன செய்ய?) அப்போது உள்ளே கருகியதை வாரிக்கொண்டிருந்த ஒருவர் பேசினை வெளியே கொண்டுவந்து இஸ்தோப்பில் வைத்தார். தண்ணீருக்கு அடியில் பதுங்கிக் கிடந்த ஆமை மெல்லத் தலையை நீட்டியது. யாரோ வாளிக்கு அடியில் நசுங்கிக் கிடந்த ஒரு கீரைத் தண்டை எடுத்துப் போட்டார்கள். நான்கு நாட்களாக வாய் திறக்காதது, லயம் முழுக்கப் பார்த்திருக்க, நறுக் நறுக்கென்று தின்றது. பேசின் தண்ணீர் நல்ல இளஞ்சூடு.

அப்புறம் மறைக்க என்ன இருக்கிறது? எல்லாவற்றையும் சொன்னேன். பல்ப், வயர், கம்பளி எல்லாம். ஒருவரும் திட்டவில்லை. அதுதான் தாங்க முடியவில்லை.

மறுநாள் முதல் பஸ்ஸில் மாப்பிள்ளை சூடாக்கும் கருவியோடு வந்து இறங்கினார். கருகிய கட்டில் வாசலில் கிடந்தது. அதைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், ஓரமாக உட்கார்ந்தார். லெச்சுமி அக்கா குழந்தையைத் தோளில் சாய்த்துக்கொண்டு அவருக்குத் தேத்தண்ணி கொண்டுவந்து கொடுத்தார்.

"தம்பி, டீச்சரு ரொம்ப நல்ல புள்ள. கட்டிக்கிட்டுச் சீக்கிரமா கூட்டிட்டுப் போயிருங்க. எங்க பன்னெண்டு குடும்பத்துக்கும் இருக்கிறது ஒரே கூரைதான்."

மாப்பிள்ளை சிரித்த சிரிப்பில் தேத்தண்ணி சட்டையில் கொட்டியது. கல்யாண நாளையும் ஒரு மாதம் முன்னுக்கு இழுத்தார்கள். நாள் நல்லது என்று அம்மா சொன்னார், லயத்துக்காரர்கள் வேறு காரணம் சொன்னார்கள்.

நாங்கள் நுவரெலியாவுக்குக் குடிவந்து வருடங்கள் பல ஆகிவிட்டன. இன்றைக்கும் நான் இஸ்திரிப் பெட்டியைக் கையில் எடுத்தால் போதும், கணவர் பேப்பரிலிருந்து தலையைத் தூக்காமலே சொல்வார்.

"இந்த வீட்டுக்கும் ஒரே கூரைதான் டீச்சர்."