யாரோ ஒரு வயதான அம்மாள் பள்ளிக்கூடத்துக்குப் போன் செய்த விவகாரம்

மில்லர்ஸ் ஃபோர்க், ஓஹாயோ
ஜனவரி 24

என் உடன்பிறந்த தங்கை யூடோராவுக்கு அக்காள் ஆர்வில்லா எழுதுவது.

கடவுள் புண்ணியத்தில் இங்கே எல்லோருக்கும் மூச்சு வந்து போகிறது. உன் இடது முழங்கால் எப்படி இருக்கிறது என்று விசாரிப்பது முறை, விசாரித்துவிட்டேன். உன் பூனையையும் கேட்டதாகச் சொல். மரியாதை இத்தோடு முடிந்தது. இனி மூக்குக்கண்ணாடியைப் போட்டுக்கொண்டு ஒரு எழுத்து விடாமல் படி, ஏனென்றால் இதை நான் இன்னொரு தடவை எழுதப் போவதில்லை.

நீதான் செய்தாய் என்று எனக்குத் தெரியும். நான் பள்ளிக்கூடத்தை ஆறாம் வகுப்போடு விட்டவள்தான், ஆனால் எனக்கு ஞாபகம் என்று ஒன்று இருக்கிறது. 1979-இல் நன்றி சொல்லும் நாளுக்கு என் பெரிய வறுவல் பாத்திரத்தை வான்கோழி சுட வாங்கிக்கொண்டு போனாய். அடியில் ஒட்டுத்தாள் ஒட்டி என் பெயரை எழுதியிருந்தேன். இன்றுவரை அது திரும்பி வரவில்லை. அதே கையால்தான் இப்போது என் பேத்தியின் ஊர்வலத்தையும் வாங்கிக்கொண்டு போய்விட்டாய். பாத்திரத்தைக்கூடப் பொறுத்துக்கொண்டேன், இதைப் பொறுக்க மாட்டேன்.

முதலிலிருந்து சொல்கிறேன். நம் ஊர்ப் பள்ளியின் வாத்தியக் குழு மாஸ்டர் திரு. ப்ரூபேக்கர், அதிபர் பதவியேற்பு ஊர்வலத்தில் எங்கள் பிள்ளைகளுக்கும் இடம் கொடுங்கள் என்று அக்டோபரிலேயே எழுதிப் போட்டார். தேர்தல்கூட அப்போது நடக்கவில்லை. யார் ஜெயித்தாலும் வந்து வாசிக்கிறோம் என்று எழுதினாராம். நல்ல மனுஷன், இந்த ஊருக்குப் புதுசு, அதனால்தான் அப்படி எழுதினார். நம் பேத்தி ஓப்பல் அந்தக் குழுவில் சூசாபோன் வாசிக்கிறாள், அதுதான், மலைப்பாம்பு மாதிரி உடம்பைச் சுற்றிக்கொண்டு தலைக்கு மேலே வாயைப் பிளக்குமே, அந்தப் பித்தளைக் குழல். பதினாறு வயதில் வகுப்பில் பெயர் கூப்பிட்டால்கூட முணுமுணுவென்று பதில் சொல்கிற பெண், அந்தக் குழலுக்குள் நுழைந்துகொண்டால் வீட்டுக் கண்ணாடியெல்லாம் அதிரும். நாலு மாதமாக ஒரே அணிவகுப்புப் பாட்டு, அதிலும் மேலே வருகிற ராகம் கிடையாது, அடியில் போகிற பும், பும்-பும் மட்டும். அதைக் கேட்டுக் கேட்டு என் ஊறுகாய் ஜாடியே தாளம் போட ஆரம்பித்துவிட்டது. வாஷிங்டன் தெருவில் அதை ஊதிக்கொண்டு நடக்க வேண்டும், அவளுக்கு வேண்டியது அவ்வளவுதான். யாருக்காக ஊதுகிறோம் என்று அவள் கேட்கவில்லை. கேட்டதெல்லாம் இந்த வீட்டில் இருக்கிற பெரிய கழுதைகள்தான்.

தேர்தல் முடிந்தது. என் மகன் ராஸ்கோவின் ஆள் ஜெயித்தான், மருமகள் நடீனின் ஆள் தோற்றான். அன்றிலிருந்து இந்த வீட்டில் உப்பு வேண்டுமென்றால்கூட ராஸ்கோ என்னிடம் கேட்பான், நான் நடீனிடம் கேட்பேன், அவள் என்னிடம் கொடுப்பாள். எனக்கு அரசியல் கிடையாது என்று உனக்குத் தெரியும். ஒரு கட்சியின் செனட்டர் கண்காட்சித் திடலில் ஈரக் கையால் எனக்குக் கை கொடுத்தான், இன்னொரு கட்சியின் செனட்டர் மாவுக்குள் பழம் வைத்து நான் சுட்ட ஆப்பிள் பையை ஒரு கடி கடித்துவிட்டுக் கீழே வைத்தான். இரண்டு கட்சியையும் நான் மன்னிக்கவில்லை. நவம்பர் கடைசியில் நன்றி சொல்லும் நாள் விருந்துக்கு நீயும்தான் வந்திருந்தாய். பூசணிப் பை வருவதற்குள் சண்டை வந்தது. அந்த ஆளுக்காக என் பெண் தெருவில் ஊதிக்கொண்டு போவதா என்றாள் நடீன். அதிபருக்கு ஊதக் கசக்கிறதா என்றான் ராஸ்கோ. நீ சும்மா இருந்தாயா? நாப்கினை மேஜையில் வீசிவிட்டு, "அந்தப் பொண்ணு அவனுக்கு ஊதுனா நான் இந்த வீட்டு வாசப்படி மிதிக்க மாட்டேன்" என்று சொல்லிவிட்டு மூன்று மணிக்குக் கோட்டை மாட்டிக்கொண்டு கிளம்பினாய், போகும்போது நான் சுட்ட பூசணிப் பையில் பாதியையும் எடுத்துக்கொண்டாய். எதையும் மறந்துவிட்டேன் என்று நினைக்காதே. ஓப்பல் கீழ் அறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள்.

டிசம்பரில் பள்ளிக்கு இடம் கிடைத்துவிட்டது என்று ஊரே கொண்டாடியது. அதே வாரம் எங்களுக்கு ஒரு கடிதம் வந்தது. "உங்கள் குடும்பத்தின் முடிவை மதிக்கிறோம், ஓப்பலின் பெயரைப் பட்டியலிலிருந்து எடுத்துவிட்டோம்" என்று எழுதியிருந்தது. நீதான் செய்தாய் என்று ராஸ்கோ நடீனிடம் பாய்ந்தான், அதற்காகவே பேசாவிரதத்தை உடைத்தான். நடீன் பைபிள் மேல் கை வைத்து இல்லை என்றாள். நான் கோட்டை மாட்டிக்கொண்டு நேராகப் பள்ளிக்குப் போனேன். ப்ரூபேக்கர் பாவம், வியர்த்துப் போய்ச் சொன்னார், நன்றி சொல்லும் நாளன்று பள்ளிப் போனில் யாரோ செய்தி பதிந்திருந்தார்களாம், இந்த விஷயத்தில் எந்தக் குடும்பத்தையும் வற்புறுத்தக் கூடாது என்று மேலிடத்து உத்தரவாம், பெயர்களையெல்லாம் பாதுகாப்புச் சோதனைக்கு அனுப்பியாகிவிட்டதாம், இனி பட்டியலில் ஒரு ஈயைக்கூடச் சேர்க்க முடியாதாம். பேசியது யார் என்று கேட்டேன். "பேர் சொல்லலைங்க, உங்க குடும்பத்துல யாரோ ஒரு வயசான அம்மா" என்றார்.

யூடோரா, நம் குடும்பத்தில் வயசான அம்மா என்று மிச்சமிருப்பது இரண்டே பேர். நான் செய்யவில்லை. இதற்குக் கணக்கு வாத்தியார் வேண்டியதில்லை.

இதோடு நின்றதா? பதவியேற்பன்றைக்கே வாஷிங்டனில் எதிர்ப்புக் கச்சேரி நடத்தப் போகிற அந்தப் பாடகி கலிஸ்டா ரேயின் ஆட்களுக்கு, ஓஹாயோவில் ஒரு பெண் அதிபருக்காக ஊத மறுத்துவிட்டாள் என்று எப்படியோ செய்தி போய்விட்டது. ஆற்றோரம் ஒரு பூங்காவில் மேடை, நாற்பதாயிரம் பேர் வருவார்கள், ஓப்பல் குழலோடு வந்து மேடையில் நிற்க வேண்டும் என்று கூப்பிட்டார்கள். நடீன் அழுதுவிட்டாள், சந்தோஷத்தில். ராஸ்கோ கதவை உதைத்தான், கதவு ஓக் மரம், இரண்டு நாள் நொண்டினான். ஓப்பல் ஒரே ஒரு கேள்விதான் கேட்டாள். "அங்க ஊத விடுவாங்களா?" ஏன் விடாமல் என்றாள் நடீன். அந்தத் தேதியில் வாஷிங்டனில் ஊத அவளுக்கு வேறு வழி இல்லை. ஊர்வலத் தெருவோ பூங்காவோ, சரி என்று தலையாட்டினாள். நம்மில் ஒருத்தரும் அவள் முகத்தைப் பார்த்துப் பேசவில்லை, நான் உட்பட, ஆனால் உன் குற்றம் பெரியது.

குழலை ஏற்றுகிற மாதிரி வண்டி ராஸ்கோவிடம்தான் இருக்கிறது, அதனால் அவனே ஓட்டி வர வேண்டியதாயிற்று. எட்டு மணி நேரம். முன்னால் அவன் தன் ஆளின் பெயர் போட்ட தொப்பியோடு, பக்கத்தில் நடீன் மடியில் எதிர்ப்பு வாசகம் எழுதிய அட்டைப் பலகையோடு, நடுவில் நான் இரண்டு பேருக்கும் வேலியாக. பின்னால் ஓப்பலும் குழலும். குழலின் வாய் என் தலைக்குப் பின்னால் இருந்ததால் பள்ளத்தில் வண்டி குலுங்கும்போதெல்லாம் எனக்குத் தொப்பி போட்டது. பென்சில்வேனியாவில் நிறுத்திய பெட்ரோல் பங்கில் தொப்பிக்காரர்கள் ராஸ்கோவுக்குக் கை கொடுத்துவிட்டு நடீனின் பலகையைப் பார்த்துக் கையைத் துடைத்துக்கொண்டார்கள். மேரிலாந்தில் நிறுத்திய இடத்தில் பலகைக்காரிகள் நடீனைக் கட்டிப்பிடித்துவிட்டு ராஸ்கோவின் தொப்பியைப் பார்த்து, "உன்னைக் கடத்திட்டுப் போறானாம்மா?" என்று கேட்டார்கள். "பதினெட்டு வருஷமா" என்றாள் நடீன். பூங்கா வாசலில் காவல்காரர்கள் குழலுக்குள் கை விட்டுத் துழாவி, நான் வழிக்கென்று ஒளித்து வைத்திருந்த பன்றி இறைச்சி சாண்ட்விச் ஆறையும் எடுத்துக் குப்பையில் போட்டார்கள். அவர்களையும் நான் மறக்க மாட்டேன்.

குளிர் என்றால் அப்படி ஒரு குளிர். பித்தளை ஊதுவாயை வெளியில் விட்டால் உதட்டோடு ஒட்டிக்கொள்ளும் என்று ஓப்பல் அதைக் கழற்றிக் கக்கத்தில் வைத்துக்கொண்டு இரண்டு மணி நேரம் நின்றாள். அந்தக் கலிஸ்டா ரே மேடைக்குப் பின்னால் காலடியில் ஹீட்டர் வைத்துக்கொண்டு, என் கம்பளத்தைவிடப் பெரிய கோட்டைப் போர்த்திக்கொண்டு, ஏழைகளைப் பற்றிப் பேசப் பயிற்சி எடுத்துக்கொண்டிருந்தாள். காதில் ஒயர் மாட்டிய ஒரு பெண் வந்து ஓப்பலின் கன்னத்தைத் தட்டினாள்.

"நீ ஊத வேண்டாம் கண்ணு. சும்மா பிடிச்சுக்கிட்டு நின்னா போதும்."

"ஊதலாம்னு சொன்னீங்களே" என்றாள் ஓப்பல்.

"ஊத மறுத்த பொண்ணுன்னுதானே உன்னை மேடையில சொல்லப் போறோம். நீயே ஊதினா நல்லாவா இருக்கும்?"

"நான் மறுக்கவே இல்லையே."

"அது நமக்குள்ள இருக்கட்டும்" என்றாள் அந்தப் பெண்.

அந்தத் தெருவில் விடமாட்டோம் என்றார்கள், இந்தப் பூங்காவில் வா, வாயை மட்டும் மூடிக்கொள் என்றார்கள். அந்தப் பெண்ணிடம் நான் என்ன சொன்னேன் என்பதை எழுதினால் தபால்காரர் இந்தக் கடிதத்தைக் கொண்டுவர மாட்டார். என்னை இரண்டு தடியன்கள் பூப்போலத் தூக்கி வேலிக்கு வெளியே வைத்துவிட்டார்கள். அங்கே நடீன் பலகையோடு நின்றாள். இருபது அடி தள்ளி ராஸ்கோ கையைக் கட்டிக்கொண்டு, காதில் சின்ன ரேடியோவோடு, இந்தக் கூட்டத்துக்கும் தனக்கும் சம்பந்தமில்லை என்கிற மாதிரி நின்றான்.

கலிஸ்டா ரே ஓப்பலின் தோளில் கையைப் போட்டுக்கொண்டு, "இந்தக் குழந்தை ஊத மறுத்தாள்" என்று தழுதழுத்தாள். நாற்பதாயிரம் பேரும் கத்தினார்கள். அப்புறம் மெதுவான பாட்டு ஒன்றை ஆரம்பித்தாள், கண்ணை மூடிக்கொண்டு, ஒரு சொல்லுக்கு அரை நிமிஷம். நான் ஓப்பலைப் பார்த்துக்கொண்டிருந்தேன். கக்கத்துக்குள் கை போனது. ஊதுவாயை எடுத்தாள், மாட்டினாள், உதட்டை நனைத்தாள். பும். பாடகி ஒரு கண்ணைத் திறந்தாள். பும், பும்-பும். நாலு மாதம் என் ஊறுகாய் ஜாடியை ஆட்டிய அதே அணிவகுப்புப் பாட்டு, அதே அடி. அடி மட்டும் வந்தால் அது என்ன பாட்டு என்று யாருக்குத் தெரியும்? அதிபர் ஊர்வலத்துக்கான பாட்டு என்று அங்கே ஒருத்தருக்கும் தெரியவில்லை. இதுவும் கச்சேரியில் சேர்த்தி என்று நினைத்துக்கொண்டு கை தட்ட ஆரம்பித்துவிட்டார்கள். பாடகிக்கு வேறு வழியில்லை, ஓட்டமாக ஓடிப் பாட வேண்டியதாயிற்று. மேல்ராகம் தெரிந்தது எங்கள் மூன்று பேருக்குத்தான். நான் என் குரலில் பாடினேன், பக்கத்தில் இருந்தவர்கள் நகர்ந்துகொண்டார்கள். நடீனின் பலகை தாளத்துக்கு ஏறி இறங்கியது. ராஸ்கோ ரேடியோவைக் காதிலிருந்து எடுத்துவிட்டு வந்து அவள் பக்கத்தில் நின்றான். "அங்க ஊர்வலத்துல நம்ம பசங்க இப்பத்தான் அதிபர் மேடையைத் தாண்டினாங்களாம். அடி இல்லாம வாத்தியம் கிணுகிணுன்னு கேக்குது" என்றான். இரண்டு மாதத்தில் அவளிடம் நேராகச் சொன்ன முதல் சண்டையில்லாத வார்த்தை அது.

சந்தோஷமாக முடிந்துவிட்டது என்று நினைத்துவிடாதே. திரும்பி வந்தால் ஒரு பத்திரிகை ஓப்பலை வீராங்கனை என்கிறது, இன்னொன்று ஊருக்கு அவமானம் என்கிறது, தபால்பெட்டியில் யாரோ முட்டை உடைத்திருக்கிறார்கள். என்ன பாட்டு ஊதினாய் என்று இரண்டு பத்திரிகையிலும் ஒருத்தன் கேட்கவில்லை. அவள் நடந்திருக்க வேண்டியது அந்தத் தெருவில், பதினேழு பிள்ளைகளுக்கு நடுவில், வரிசையில். அது இனி வராது. அவளைத் தனியாக நிற்க வைத்தது உன் போன்தான். என் ஜன்மத்துக்கும் உன்னை மன்னிக்க மாட்டேன், இது என் உயிலிலும் எழுதப்படும்.

கடவுள் உன்னை நன்றாக வைக்கட்டும், முழங்கால் நீங்கலாக. உன் வீட்டுக்கும் பூனைக்கும் என் ஆசீர்வாதம்.

இப்படிக்கு,
உன் அக்காள் ஆர்வில்லா

பின்குறிப்பு: இதை உறையில் போடுவதற்குள் ப்ரூபேக்கர் வந்தார். எனக்கு மனசு ஆறட்டும் என்று, அந்தச் செய்தியை நானே கேட்கும்படி கொண்டுவந்திருந்தார். ஓப்பலும் பக்கத்தில் உட்கார்ந்து கேட்டாள். நன்றி சொல்லும் நாள், மூன்று மணி இருபத்தொன்பது நிமிஷம். அப்போது நீ நெடுஞ்சாலையில் இருந்திருப்பாய், உன்னிடம் கைப்பேசியும் கிடையாது. "இந்த வீட்ல எந்தப் பிள்ளையும் எவனுக்கும் ஊதப் போறதில்ல, சண்டை போட்டே சாவுங்க, ஓப்பல் பேரை அடிச்சிடுங்க" என்று ஒரு கிழவி கத்துகிறாள். யாரோ என்றுதான் நானும் கேட்டுக்கொண்டிருந்தேன். கிழவி போனைச் சரியாக வைக்கவில்லை. பின்னால் பாத்திரம் கழுவுகிற சத்தம். என் சமையலறைக் குயில் கடிகாரம் கூவுகிறது. அப்புறம் அதே குரல், "1979-ல கொண்டுபோன பாத்திரத்தைக் கொடுக்காதவ, இன்னிக்குப் பூசணிப் பையையும் தூக்கிட்டுப் போயிட்டா" என்று ஐந்து நிமிஷம் உன்னைத் திட்டுகிறது. ஓஹாயோ முழுக்கத் தேடினாலும் அப்படிப் பேச இன்னொரு ஆள் கிடைக்காது. சத்தியமாக எனக்கு ஞாபகமே இல்லை.

ஓப்பல் எழுந்து கீழ் அறைக்குப் போனாள். ஒரு மணி நேரம் பும், பும்-பும். மேலே வந்தவள், "மே மாசம் நம்ம ஊர்ல நடக்கிற ஊர்வலத்துக்குப் பேர் கொடுக்கப் போறேன் பாட்டி. அதுவரைக்கும் போன் என் ரூம்ல இருக்கட்டும்" என்று சொல்லிச் சுவரிலிருந்து போனைக் கழற்றிக்கொண்டு போய்விட்டாள். அதனால்தான் உனக்குப் போனில் சொல்ல முடியவில்லை. இவ்வளவு எழுதியதைக் கிழிக்கவும் மனசு வரவில்லை. மேலே உன் பெயர் வருகிற இடத்திலெல்லாம் என் பெயரைப் போட்டுப் படித்துக்கொள். மே மாத ஊர்வலத்துக்கு வந்து சேர், நம் இரண்டு பேருக்கும் நாற்காலி போட்டு வைக்கிறேன்.

பாத்திரத்தைக் கொண்டு வா. அதில் மாற்றமில்லை.