பனியுகம் கண்ட பட்டாசு அதிபர்

பனியுகம் வந்துபோன பிறகும் இந்த பூமியில் கலப்பில்லாமல் எஞ்சியவை இரண்டே இரண்டு. ஒன்று, இமயமலை மூலையில் நிற்கும் ஒரு தேவதாருக் கூட்டம். மற்றொன்று, விஸ்வநத்தம் பட்டாசு அதிபர் சீனிவாசகத்தின் குடும்பம். இந்த மகத்தான உண்மையை ஊருக்கு அறிவிக்கத்தான் அவர் சிவகாசியில் மண்டபம் பிடித்து, மகள் பிரீத்திகாவுக்குப் 'பாராட்டு விழா' எடுத்தார்.

பிரீத்திகா தேவதாருவின் மரபணுவை ஆராய்ந்து டாக்டர் பட்டம் வாங்கியவள். கூடப் படித்த விக்னேஷ்குமாரைக் கட்டிவைக்கச் சொல்லி ஒரு வருஷமாகக் கெஞ்சுகிறாள். பையன் வேறு சாதி. அக்கா மகன் தருண்குமார் கையில் இருக்கும்போது, சீனிவாசகம் இதற்கெல்லாம் இறங்கிவருகிற ஆளா?

மைக்கைப் பிடித்தார்.

"எம் மக கண்டுபிடிச்சது என்னன்னா, பனி மூடுனப்ப இந்த மரம் ஒரு பள்ளத்தாக்குல ஒதுங்கிருச்சு. பனி உருகுன பெறகும் வெளி மகரந்தத்த அண்ட விடல. பத்தாயிரம் வருசமா சொந்தத்துக்குள்ளயே சம்பந்தம், நம்மள மாதிரியே!"

கைதட்டலில் மண்டபம் அதிர்ந்தது.

"அதனால, வர்ற முகூர்த்தத்துல தருணுக்கும் எம் மகளுக்கும்..."

"இருங்கப்பா, மிச்சத்தையும் சொல்லிருதேன்."

பிரீத்திகா இரண்டு கண்ணாடி டம்ளரில் தண்ணீர் வாங்கினாள். ஒன்றில், கையோடு கொண்டுவந்திருந்த அந்தப் பள்ளத்தாக்குத் தேவதாரு விதைகளைப் போட்டாள். அத்தனையும் மிதந்தன. இன்னொன்றில், பனி உருகியதும் பல காடுகள் வந்து கலந்த இடத்து விதைகள். அவை மூழ்கின.

"சொந்தத்துக்குள்ளயே சேந்து சேந்து, உள்ள பருப்பே இல்லப்பா. வெறுங்கூடு."

சீனிவாசகம் அசரவில்லை. இரண்டு டம்ளரையும் தூக்கிக் காட்டினார்.

"நல்லா பாத்துக்கிடுங்க! சுத்தமானது மேல நிக்குது. கலந்தது அடியில கெடக்கு!"

மறுபடியும் கைதட்டல். முன்வரிசையிலிருந்து அவர் மனைவி கற்பகவல்லி எழுந்தார்.

"ஏங்க, போன புரட்டாசியில நம்ம மல்லாங்கிணறு காட்டுல வெதைக்க வாங்குன பருத்தி விதை மிதந்துச்சுன்னு, கடைக்காரர உண்டு இல்லன்னு ஆக்குனீகளே? அது எம்புட்டு ஒசந்த விதை?"

மண்டபமே சிரித்தது. தருண்குமாரும் சிரித்தான். விழா அத்துடன் 'இனிதே நிறைவுற்றது'.

பதிவாளர் அலுவலகத்தில் பிரீத்திகாவுக்கும் விக்னேஷ்குமாருக்கும் கல்யாணம் நடந்தது. கற்பகவல்லி போனார். சீனிவாசகம் போகவில்லை, கொள்கை என்று ஒன்று இருக்கிறதே! அந்த நேரம் அவர் மல்லாங்கிணறு காட்டில், வாளித் தண்ணீரில் பருத்தி விதையைக் கொட்டி, மிதந்ததை எல்லாம் ஈவிரக்கமில்லாமல் அள்ளி வீசிக்கொண்டிருந்தார். விதை விஷயத்தில் இம்மியும் பிசகாத கை. அந்தக் கைதான் பெற்ற மகளைத் தூர வீசிவிட்டு, வெறுங்கூட்டைப் பொத்திப் பொத்தி வைத்திருக்கிறது.