தராசு இன்ஸ்பெக்டரும் கோப்ளின் பாஷையும்

தனக்கு வரப்போகும் மாப்பிள்ளை ஒரு கொலைகாரன் என்ற விஷயம் தராசு இன்ஸ்பெக்டருக்கு வெள்ளிக்கிழமை காலை, காபி ஆறுவதற்குள் தெரிந்துபோயிற்று.

மகள் மேஜைமேல் வைத்திருந்த புத்தகத்தை நகர்த்தினார். உள்ளேயிருந்து ஒரு தாள் விழுந்தது. மாப்பிள்ளையாக வரப்போகிற பல் டாக்டரின் கையெழுத்து. ஒரு டாக்டரின் கையெழுத்தைப் படிக்க முடிந்தது முதல் அதிர்ச்சி. படித்தது இரண்டாவது அதிர்ச்சி.

'பெயர்: நிழல். தொழில்: திருட்டு, தேவைப்பட்டால் கொலை. குணம்: தீயவன், சட்டத்துக்குக் கட்டுப்படாதவன். தெரிந்த மொழிகள்: திருடர் பாஷை, நரக பாஷை, டிராகன் பாஷை.'

"இங்க வா," என்று மனைவியைக் கூப்பிட்டார். "உன் பொண்ணு கட்டிக்கப்போறவன் லட்சணத்தைப் பாரு. மூணு பாஷை தெரியுமாம். ஒண்ணாவது மனுஷன் பேசற பாஷையா?"

மனைவி நிதானமாகப் படித்தாள். "டிராகன் பாஷையெல்லாம் எங்கங்க சொல்லித் தராங்க?"

அதற்குள் மகள் ஈரத் தலையோடு வந்து தாளைப் பிடுங்கிக்கொண்டாள். அவள் ஆஸ்பத்திரியில் எக்ஸ்ரே எடுக்கிறவள். என்ன நடந்திருக்கும் என்று ஒரு பார்வையிலேயே தெரிந்துவிட்டது.

"அப்பா, இது விளையாட்டு. மேஜையைச் சுத்தி உட்கார்ந்து ஆளுக்கு ஒரு வேஷம் எடுத்துக்கிட்டு, பகடை உருட்டிக் கதையை நடத்துவாங்க. அந்த வேஷத்துக்கு என்ன குணம், என்னென்ன பாஷை தெரியும்னு ஒரு தாள்ல எழுதி வச்சுக்கணும். அவருக்குத் திருடன் வேஷம். அவ்வளவுதான்."

"நல்லவன்னு எழுதவும் இடம் இருந்துதா, இல்லையா?"

"இருந்துது."

"இருந்தும் தீயவன்னு எழுதியிருக்கான் பாரு."

மகள் தலையில் அடித்துக்கொண்டாள். "நாலு வருஷமா அவரை எனக்குத் தெரியும்ப்பா. திங்கக்கிழமை அவங்க வீட்டுக்குப் பதில் சொல்றோம்னு வாக்குக் கொடுத்திருக்கோம். இந்த ஒரு தாளை வச்சுக்கிட்டு வேண்டாம்னு சொல்லிடாதீங்க."

அப்பா வேண்டாமென்றால் அவள் மீறிக்கொண்டு போகிறவள் இல்லை. ஆனால் வேறு ஒருவனுக்குக் கழுத்தை நீட்டவும் மாட்டாள். இது அந்த வீட்டில் மூன்று பேருக்கும் தெரியும்.

"சந்தேகம்னா அந்தப் பையனையே கூப்பிட்டுக் கேட்டுடுங்களேன்," என்றாள் மனைவி.

"சொல்லிட்டுப் போனா எந்தக் கடையில தராசு தப்பா இருக்கும்?"

முப்பது வருஷ சர்வீஸில் அவர் கற்ற வித்தை அது ஒன்றுதான். கடைக்குள் சாதாரண ஆளாக நுழைவார். ஒரு கிலோ பருப்பு வாங்குவார். வாசலுக்கு வந்து தன் தராசில் நிறுப்பார். ஐம்பது கிராம் குறைந்தால் திரும்பிப் போய் அடையாள அட்டையைக் காட்டுவார். கடைக்காரருக்குத் திருடனுக்குத் தேள் கொட்டின மாதிரி இருக்கும். கத்தவும் முடியாது, சிரிக்கவும் முடியாது.

"இந்த ஆட்டம் எங்க நடக்குது?" என்று போகிற போக்கில் கேட்பதுபோலக் கேட்டார்.

"ஞாயித்துக்கிழமை மூணு மணிக்கு. மணிக்கூண்டு ஸ்டேஷனரி கடை மாடியில," என்றாள் மகள். "புது ஆளுங்களையும் சேர்த்துப்பாங்க."

பல் டாக்டரை அவர் போட்டோவில் பார்த்திருந்தார். பல் டாக்டர் தன்னைப் பார்த்ததில்லை என்பது அவருடைய நம்பிக்கை.

ஞாயிற்றுக்கிழமை மூன்று மணிக்குப் புருவம் மறையத் தொப்பி போட்டுக்கொண்டு இன்ஸ்பெக்டர் மாடியேறினார். மேலே காகிதக் கட்டுகளுக்கு நடுவில் ஒரு நீள மேஜை. அதன் ஒரு முனையில் ஸ்டேஷனரி கடைத் தாடிக்காரர். ஆட்டத்தை நடத்துகிறவர் அவர்தான். வலப்பக்கம் பல் டாக்டர். இடப்பக்கம் நரைமுடியைக் குட்டையாக வெட்டிக்கொண்ட ஒரு பெண்மணி, மடியில் கைப்பையோடு.

"நான் தபால்காரர். ரிடையர்டு," என்றார் இன்ஸ்பெக்டர். "பொழுது போகலை."

"உட்காருங்க சார். இவங்களும் இன்னிக்குத்தான் புதுசு," என்று தாடிக்காரர் அந்தப் பெண்மணியைக் காட்டினார். "இவங்களுக்குக் கோடாலி வீராங்கனை வேஷம். உங்களுக்கு வைத்தியர் வேஷம் தரட்டுமா? தொட்டாலே காயம் ஆறிடும்."

தாளில் 'குணம்' என்ற இடத்துக்கு வந்ததும் இன்ஸ்பெக்டர் யோசிக்கவே இல்லை. 'நல்லவன். சட்டத்துக்குக் கட்டுப்பட்டவன்' என்று கொட்டை எழுத்தில் எழுதி, அடியில் கோடும் போட்டு, பல் டாக்டர் பார்க்கும்படி தள்ளி வைத்தார்.

"ஒரே ஒரு நிபந்தனை சார்," என்றார் தாடிக்காரர். "நல்ல வைத்தியர் பொய் சொன்னா அந்த சக்தி போயிடும்."

"எனக்கா? சொல்லவே வேண்டாம்."

மொழிக்குப் பகடை உருட்டச் சொன்னார்கள். விழுந்தது கோப்ளின் பாஷை. கோப்ளின் என்றால் பச்சை நிறத்தில், இடுப்பளவு உயரத்தில் இருக்கும் ஒரு குட்டிப் பூதமாம்.

கதை தொடங்கியது. மூவரும் ஒரு பாலத்தைக் கடக்க வேண்டும். பாலத்தை மறித்து நாற்பது கோப்ளின்கள். அவர்கள் பாஷை தெரிந்தவர் வைத்தியர் மட்டும். ஆகவே கோப்ளின் தலைவன் பேசுவதைத் தாடிக்காரர் சீட்டில் எழுதி இன்ஸ்பெக்டரிடம் கொடுப்பார். இவர் மற்றவர்களுக்கு வாயால் சொல்வார். இவர்கள் பதிலை இவர் சீட்டில் எழுதிக் கொடுக்க வேண்டும். நடுவில் என்ன நடந்தாலும் மற்ற இருவருக்கும் தெரியாது.

முதல் சீட்டு வந்தது. 'ஒரு மூட்டை உப்பு கொடுத்துவிட்டுப் போங்கள்.'

பல் டாக்டரிடம் உப்பு மூட்டை இருந்தது. கொடுத்தால் விஷயம் முடிந்தது. ஆனால் இன்ஸ்பெக்டர் பாலம் தாண்டவா வந்தார்? தன் தராசை வெளியே எடுக்க இதைவிட நல்ல நேரம் வராது என்று தோன்றியது.

"தலைவர் என்ன சொல்றார்னா," என்று தொண்டையைச் செருமினார், "உங்கள்ல ஒருத்தரை இங்க விட்டுட்டுப் போகணுமாம்."

பல் டாக்டர் கொஞ்சம் யோசித்தார். "அப்ப நான் இருந்துக்கறேன்னு சொல்லுங்க."

இன்ஸ்பெக்டருக்குத் தூக்கிவாரிப் போட்டது. "தீயவன்னு எழுதியிருக்கீங்களே தம்பி?"

"தீயவன்தான் சார். இவங்களை விட்டுட்டுப் போனா அந்தப் பக்கம் எனக்காக யாரு சண்டை போடுவா? நான் தனியா இருந்தா எப்படியாவது தப்பிச்சு ஓடிடுவேன்."

இது நல்ல குணமா, சுயநலமா? தராசில் பாதி எடை ஏறினால் போதுமா? இன்ஸ்பெக்டர் குழம்பிப்போனார். அதற்குள் தாடிக்காரர் மெதுவாக அவர் தாளை இழுத்து, 'நல்லவன்' என்பதை ரப்பரால் அழித்து, 'சுமாரானவன்' என்று எழுதித் திருப்பி வைத்தார்.

அடுத்த சீட்டு வந்தது. 'உப்பு எங்கே? என் கோபத்தைக் கிளறாதே.'

கிணறு வெட்டப் போய்ப் பூதம் கிளம்பிவிட்டது, அதுவும் நாற்பது. இப்போது உப்பு என்று வாயைத் திறந்தால் முதல் பொய் அம்பலமாகிவிடும். கொஞ்சம் அவகாசம் கிடைத்தால் போதும் என்று அவர் ஒரு சீட்டு எழுதினார்: 'உப்பு அந்தக் கோடாலிக்காரியிடம் இருக்கிறது. ஒளித்து வைத்திருக்கிறாள். தேடிப் பாருங்கள்.'

தாடிக்காரர் படித்தார். பகடை உருட்டினார். "பத்து கோப்ளின்கள் ஓடி வந்து கோடாலி வீராங்கனையைக் கவிழ்த்துப் போட்டுக் கையைக் காலைக் கட்டறாங்க," என்று அறிவித்தார்.

பெண்மணி மூக்குக் கண்ணாடியைச் சரிசெய்துகொண்டார். "என்னை எதுக்குங்க கட்டறாங்க?"

"அது மரியாதைங்கம்மா," என்றார் இன்ஸ்பெக்டர். வாய் தானாக ஓடியது. "பெரிய மனுஷங்க வந்தா கட்டி வச்சுத்தான் வரவேற்பாங்களாம். நீங்க அசையாம இருந்தா போதும்."

"அப்படியா? இப்படி ஒரு வரவேற்பைப் பத்தி எந்தப் பத்திரிகையிலயும் படிச்சதில்லையே."

ரப்பர் மறுபடியும் வந்தது. 'சுமாரானவன்' போய் 'தீயவன்' ஆயிற்று. 'சட்டத்துக்குக் கட்டுப்பட்டவன்' மட்டும் எப்படியோ மிச்சமிருந்தது. இன்ஸ்பெக்டர் அந்தத் தாளின் மேல் முழங்கையை வைத்து மறைத்துக்கொண்டார். வாழ்க்கையில் அவர் ஒரு வாக்கியத்தை மறைக்க முழங்கையை உபயோகித்தது அதுதான் முதல் தடவை.

"இது மரியாதை மாதிரி எனக்குத் தெரியலை," என்று பல் டாக்டர் எழுந்தே விட்டார். "நிழல் கத்தியை உருவறான். அவங்க கட்டை அறுக்கப் போறான்."

"தம்பி, நாற்பது பேர்!"

"பார்த்துட்டுச் சும்மா இருக்கச் சொல்றீங்களா?"

பல் டாக்டர் பகடையை உருட்டினார். இருபது முகம் உள்ள பகடையில், இருப்பதிலேயே மோசமான ஒன்று விழுந்தது.

"நிழல் கால் தடுக்கித் தன் கத்தி மேலேயே விழறான்," என்றார் தாடிக்காரர். "பிழைக்கறது கஷ்டம். வைத்தியர் இருக்காரே, அதான் நல்லதாப் போச்சு."

"இதோ தொட்டுட்டேன்," என்றார் இன்ஸ்பெக்டர் அவசரமாக. மேஜைக்கு மேலாகக் கையை நீட்டிப் பல் டாக்டரின் சட்டையையே தொட்டுவிட்டார்.

"ஒண்ணும் நடக்கலை."

"ஏன்?"

தாடிக்காரர் அவர் தாளிலிருந்த ரப்பர் தூளை ஊதிவிட்டார்.

இன்ஸ்பெக்டருக்கு வேர்த்துக் கொட்டியது. பையன் தங்கம். முன்பின் தெரியாத ஒரு பெண்மணிக்காக நாற்பது பூதத்துக்கு நடுவில் பாய்கிறான். எடையில் துளியும் குறையாத இப்படிப்பட்டவனைத் தன் கையாலேயே கொன்றுவிட்டோமே என்று நெஞ்சு அடித்துக்கொண்டது. இது விளையாட்டு என்பதே அவருக்கு மறந்துபோயிற்று.

கடைசிச் சீட்டு வந்தது. 'என்னிடம் மருந்து இருக்கிறது. இவனைப் பிழைக்க வைக்கிறேன். பதிலுக்கு எனக்கு என்ன தருவாய்?'

ஒரு நிமிஷம்கூட ஆகவில்லை. இன்ஸ்பெக்டர் எழுதினார்: 'கோடாலிக்காரியை நீயே வைத்துக்கொள். சுரங்கத்தில் நன்றாக வேலை செய்வாள். மாப்பிள்ளையைப் பிழைக்க வை.'

தாடிக்காரர் அதை இரண்டு முறை படித்தார். பிறகு மடித்து வைத்துக்கொண்டார்.

"நிழல் கண் முழிக்கறான். கோடாலி வீராங்கனையைச் சங்கிலி போட்டுச் சுரங்கத்துக்கு இழுத்துட்டுப் போறாங்க. ஆயுள் முழுக்கக் கல் உடைக்கணும். கோப்ளின் சொல்றது சைகையிலேயே புரிஞ்சுடுது: வைத்தியர்தான் வித்துட்டார்."

பெண்மணி தன் பென்சிலைப் பெட்டியில் வைத்து மூடினார்.

"நான் பாலம் தாண்டலை," என்றார் பல் டாக்டர். "சுரங்கத்துக்குப் போறேன். அவங்க இல்லாம வர மாட்டேன்."

"ஆக, வைத்தியர் மட்டும் பத்திரமா அந்தக் கரைக்குப் போயிட்டார்," என்று தாடிக்காரர் கதையை முடித்து, தாளைக் கடைசியாக ஒருமுறை திருத்தித் தந்தார். 'குணம்: தீயவன், சட்டத்துக்குக் கட்டுப்படாதவன்.'

இன்ஸ்பெக்டர் அதைப் பார்க்கக்கூட இல்லை. எழுந்து நின்றார். தொப்பியைக் கழற்றினார். பழக்க தோஷத்தில் அடையாள அட்டையையும் எடுத்து நீட்டினார்.

"நான் தபால்காரர் இல்லை தம்பி. பொண்ணோட அப்பா. உங்களைச் சோதிக்கத்தான் வேஷம் போட்டுக்கிட்டு வந்தேன். அந்த உப்பு, கட்டு, சுரங்கம் எல்லாம் நான் பண்ணின வேலை. உங்க குணத்துல ஒரு கிராம் குறை சொல்ல முடியாது. எனக்குப் பூரண சம்மதம். வீட்டுல சொல்லிடுங்க." கண்ணில் நீர் கட்டிவிட்டது, மறைக்கவும் இல்லை.

பல் டாக்டர் நெளிந்தார். "நீங்க வருவீங்கன்னு தெரியும் மாமா. சொல்லிக்காம, தொப்பி போட்டுட்டு வருவார்னு உங்க பொண்ணு வெள்ளிக்கிழமையே சொல்லிட்டா." 

"பரவாயில்லை, பரவாயில்லை! இனிமே என்ன? ஜெயிச்சாச்சு!" என்றார் இன்ஸ்பெக்டர். அதோடு நிறுத்தியிருக்கலாம். பெண்மணி பக்கம் திரும்பி, "நீங்க தப்பா எடுத்துக்காதீங்கம்மா. நல்ல காரியத்துக்காக உங்களைத் தள்ளிவிட வேண்டியதாப் போச்சு," என்று கையும் கூப்பினார்.

பெண்மணி கைப்பையைத் தோளில் மாட்டிக்கொண்டு எழுந்தார்.

"பொண்ணை எங்களுக்கு எப்பவோ பிடிச்சுப்போச்சு, சம்பந்தி, பொண்ணோட அப்பா எப்படிப்பட்டவர்னு பார்க்கத்தான் என் பையன் இன்னிக்கு என்னை இங்க வரச் சொன்னான்."