எண்பத்தெட்டு மார்க் பொறுமை

மனைவிக்குப் பொறுமையில் இருபத்திரண்டு மார்க்தான் வந்திருந்தது. நூற்றுக்கு.

இதை அவளிடம் எப்படிச் சொல்வது என்று தெரியாமல் ஸ்கேல் மூன்றாவது முறையாகக் கூட்டிப் பார்த்தார். கூட்டலில் தப்பில்லை. தப்பு இருந்திருந்தால் எவ்வளவு நிம்மதியாக இருந்திருக்கும் என்று நினைத்துக்கொண்டார்.

ஸ்கேல் என்பது ஆபீசில் அவருக்கு வைத்த பெயர். லிஃப்ட் பராமரிக்கும் கம்பெனி ஒன்றில் ஆள் எடுக்கும் பிரிவில் இருந்தார். புகார்ப் பிரிவில் போன் எடுப்பவர்களுக்குப் பொறுமை வேண்டும். லிஃப்டுக்குள் மாட்டிக்கொண்டவன் போனில் கொஞ்சவா செய்வான்? அதனால் பொறுமையை அளக்க ஒரு டெஸ்ட் தயாரிக்கும்படி முதலாளி இவரிடம் சொல்லியிருந்தார். டெஸ்ட் பலித்தால் இவர்தான் பிரிவுக்குத் தலைவர். பலிக்காவிட்டால் பழையபடி கிடங்குக்குப் போய் போல்ட்டும் நட்டும் அடுக்க வேண்டியதுதான். அந்த இருட்டுக் கிடங்கில் பாதி வாலிபத்தைக் கழித்தவர் அவர். மீதியையும் அங்கே கொடுக்க மனசில்லை.

முதலில் அவர் எழுதிய வாக்கியங்கள் எல்லாம் ‘நான் அமைதியாகக் காத்திருப்பேன்’ என்கிற ரகம். யார்தான் இல்லை என்பார்கள்? எழுதின அத்தனை பேரும் தொண்ணூறைத் தாண்டினார்கள். எல்லாரும் ஒரே உயரம் என்று காட்டுவதற்கு அளவுகோல் எதற்கு என்று அவர் படித்த புத்தகம் கேட்டது. உடனே வாக்கியங்களை மாற்றினார். ‘வரிசை நகராவிட்டால் எனக்கு எரிச்சல் வரும்’, ‘ஒரே கேள்வியை இரண்டு முறை கேட்டால் கோபம் வரும்’ என்று ஆளைச் சீண்டிப் பார்க்கும் இருபது வாக்கியங்கள். ஒவ்வொன்றுக்கும் எதிரே ‘ஒருபோதும் இல்லை’ முதல் ‘எப்போதும்’ வரை ஐந்து கட்டங்கள். இப்போது மார்க்குகள் மேலும் கீழுமாக அழகாகப் பரவி வந்தன.

திருத்துவதற்கு ஓர் அட்டை வைத்திருந்தார். தாளின் மேல் அதை வைத்தால் எந்த டிக்குக்கு எத்தனை மார்க் என்று காட்டும். வேலையை ஆரம்பித்த வாரமே கைக்காசு போட்டு அதை லேமினேட் செய்திருந்தார். விடைகளைப் படிப்பதில்லை என்பது அவர் கொள்கை. படித்தால் பாசம், பரிதாபம் எல்லாம் உள்ளே புகுந்துவிடும். அட்டையை வை, எண்ணைக் கூட்டு, அவ்வளவுதான்.

சாதாரண மனுஷருக்கு எவ்வளவு பொறுமை இருக்கும் என்று தெரிந்தால்தானே மற்றவரை அதோடு ஒப்பிட முடியும்? அதற்காகத் தெருக்காரர்களையும் வீட்டில் இருந்தவர்களையும் எழுத வைத்தார். சராசரி அறுபது. அவருக்கு எண்பத்தெட்டு. அதில் அவருக்கு ஆச்சரியம் ஒன்றுமில்லை. வந்து தங்கியிருந்த மாமனாருக்கு முப்பத்தொன்று. வயசானவர், போகட்டும். ஆனால் மனைவி?

“என்னங்க, எனக்கு எத்தன?” என்று காய் நறுக்கிக்கொண்டே அவளே கேட்டுவிட்டாள்.

“இருபத்திரண்டு.”

“அது நல்லதா, கெட்டதா?”

“நீ கவலப்படாத. எந்த அளவுலயும் கொஞ்சம் பிழை இருக்கும். உன்னோட உண்மையான மார்க் இருபத்தாறாக்கூட இருக்கலாம்.”

அவள் கத்தியைக் கீழே வைத்தாள். கையைத் துடைத்துக்கொண்டு வந்து, மேஜையில் கிடந்த தன் தாளையும் பக்கத்தில் கிடந்தவற்றையும் கொஞ்ச நேரம் பார்த்தாள்.

“ஒண்ணு சொல்லட்டுமா? இதுல வந்து—”

“பாத்தியா. மார்க்கச் சொன்ன உடனே சண்டைக்கு வர்ற. டெஸ்ட் சொல்றதும் இதத்தான்.”

அவள் மறுபடி காய் நறுக்கப் போனாள். மாமனார் பேப்பருக்கு மேலே கண்ணை உயர்த்திப் பார்த்துவிட்டு மறுபடி இறக்கிக்கொண்டார்.

ஆபீசில் எழுபதுக்கு மேல் வாங்கியவர்களாகப் பார்த்துப் புகார்ப் பிரிவில் உட்கார வைத்தார்கள். ஒரு வாரத்துக்குள் புகார்ப் பிரிவைப் பற்றியே புகார் வர ஆரம்பித்தது. நான்காவது மாடியில் மாட்டிக்கொண்ட ஒரு வாடிக்கையாளரிடம், “நாலு மாடிதானே, படியேறியிருந்தா கால் தேஞ்சா போயிருக்கும்?” என்று கேட்டிருக்கிறார்கள்.

“கொஞ்சம் தாராளமா எடுத்துட்டோம் சார்,” என்றார் ஸ்கேல் முதலாளியிடம். “எண்பதுக்குக் கீழ யாரும் வேண்டாம்.”

எண்பதுக்கு மேல் வாங்கியவர்கள் வந்தார்கள். அதில் ஒருவர், உள்ளே மாட்டிக்கொண்டு அலறிய ஓர் அம்மாளிடம், “கத்தாதீங்க, இருக்கற காத்தும் தீந்துடும்,” என்று ஆறுதல் சொன்னார். இன்னொருவர் போனை எடுத்து மேஜையில் வைத்துவிட்டுச் சாப்பிடப் போய்விட்டார்.

ஸ்கேல் புத்தகத்தை மறுபடி புரட்டினார். டெஸ்ட் நாளுக்கு ஒரு மாதிரி அளக்கிறதோ என்று சந்தேகம் வந்தது. ஒரே ஆளுக்கு இரண்டு வாரம் கழித்து மறுபடி வைத்துப் பார்க்க வேண்டும். யாரை வைத்துப் பார்ப்பது? மனைவி இருக்கிறாளே. அவளுக்கும் மார்க்கைக் கூட்டிக்கொள்ள ஒரு வாய்ப்பு கொடுத்தது போல இருக்கும் என்று நினைத்தார். உண்மையில் அவள் மேல் அவருக்கு ரொம்பப் பிரியம். அதை மார்க்கில் காட்ட முடியவில்லையே என்பதுதான் குறை.

அவள் சிரித்துக்கொண்டே எழுதிக் கொடுத்தாள். அதே இருபத்திரண்டு.

“பிரமாதம்,” என்று ஸ்கேல் எழுந்தே நின்றுவிட்டார். “இதுக்குப் பேர்தான் நம்பகத்தன்மை. காலைல ஏறி நின்னாலும் சாயந்திரம் ஏறி நின்னாலும் ஒரே எடை காட்டற தராசு மாதிரி.”

“தராசு தப்பாவே ஒரே எடை காட்டலாம் இல்லீங்களா? அதத்தான் நான்—”

“அது ஏற்புடைமை. அளக்க நினைச்சதத்தான் அளக்குதான்னு பாக்கறது. அது வேற பாடம். ரெண்டையும் போட்டுக் குழப்பாத.”

“மாப்பிள்ளை,” என்று மாமனார் பேப்பரை மடித்தார். “அவ என்ன சொல்ல வர்றான்னா—”

“மாமா, உங்களுக்கே முப்பத்தொண்ணுதான்.”

மாமனார் பேப்பரை மறுபடி பிரித்துக்கொண்டார்.

அன்றிலிருந்து வீட்டில் பொறுமைப் பாடம் நடந்தது. சாப்பிட உட்கார்ந்ததும் ஸ்கேல் ஆரம்பித்துவிடுவார். மூச்சை எப்படி இழுத்து விட வேண்டும், எதிராளி பேசும்போது எப்படிக் காது கொடுக்க வேண்டும் என்று விளக்குவார். சோறு ஆறிப்போகும். அவள் சூடு பண்ணிக் கொண்டு வருவாள். ஒரு நாள் அவள், “என்னங்க, நான் அன்னைக்குச் சொல்ல வந்தது—” என்று ஆரம்பித்தாள். “பாடத்துக்கு நடுவுல பேசாத,” என்று சொல்லிவிட்டார்.

ஆபீசில் வரம்பு தொண்ணூறுக்கு உயர்ந்தது. வந்த ஆட்களில் ஒரே ஒருவர்தான் தேறினார். தொண்ணூற்று நான்கு. ஸ்கேல் தன் நாற்காலியையே அவருக்குக் கொடுத்தார். ஆபீசில் எல்லாரும் அந்த ஆளை அவர் மார்க்கைச் சொல்லியே கூப்பிட்டார்கள்.

“எந்த வேலைலயும் என்ன ஒரு வாரத்துக்கு மேல வச்சிருந்ததில்ல சார்,” என்றார் தொண்ணூற்று நாலு. அவர் கண் கலங்கியிருந்தது.

“உங்க அரும அவங்களுக்குத் தெரியல,” என்றார் ஸ்கேல்.

அந்த வெள்ளிக்கிழமை முதலாளி ஆபீஸ் லிஃப்டிலேயே மாட்டிக்கொண்டார். சொந்தக் கம்பெனி லிஃப்ட்தானே என்று நிதானமாகப் புகார்ப் பிரிவுக்குப் போன் போட்டார். தொண்ணூற்று நாலு எடுத்தார்.

“நான் முதலாளி பேசறேன்.”

“இங்க போன் பண்றவன் எல்லாம் முதலாளிதான். வரிசைல நில்லு.”

போன் வைக்கப்பட்டது. முதலாளி மறுபடி அடித்தார். “ஒரே விஷயத்த எத்தன தடவ சொல்லுவ?” என்ற கேள்வியோடு மறுபடி வைக்கப்பட்டது. கூட்டிப் பெருக்க வந்தவர் உள்ளே தட்டுகிற சத்தம் கேட்டு ஆளைக் கூட்டி வந்து கதவைத் திறக்கும்போது முதலாளியின் சட்டை முழுக்க நனைந்திருந்தது. அவர் கத்தவில்லை. அதுதான் ஸ்கேலுக்குப் பயமாக இருந்தது.

“மார்க் ஏற ஏறப் புகாரும் ஏறுதே. இதுக்கு என்ன அர்த்தம்?” என்று கேட்டார் முதலாளி.

“ரெண்டுக்கும் தொடர்பு ரொம்பப் பலமா இருக்கு சார். இவ்வளவு பலமான தொடர்ப நான் புத்தகத்துலகூடப் பாத்ததில்ல.”

“அப்படியா. திங்கட்கிழமை வந்து கிடங்குச் சாவிய வாங்கிக்குங்க.”

ஸ்கேல் வீட்டுக்கு வந்து செருப்போடு நாற்காலியில் விழுந்தார். மனைவி தண்ணீர் கொண்டு வந்து வைத்துவிட்டு எதிரே உட்கார்ந்தாள். மறுபடி அந்தக் கிடங்கு, அந்த எண்ணெய் வாடை, அந்த ஒற்றை பல்பு. நினைக்கும்போதே அவருக்கு அழுகை வந்தது.

மேஜையில் தாள்கள் கட்டுக்கட்டாக இருந்தன. எல்லாவற்றையும் கிழித்துப் போடலாம் என்று மேலே இருந்ததை எடுத்தார். மனைவியின் தாள். இனிமேல் கொள்கை என்ன வேண்டியிருக்கிறது என்று முதல் முறையாகப் படித்தார்.

‘வரிசை நகராவிட்டால் எனக்கு எரிச்சல் வரும்.’ ஒருபோதும் இல்லை. ‘ஒரே கேள்வியை இரண்டு முறை கேட்டால் கோபம் வரும்.’ ஒருபோதும் இல்லை. ‘நான் பேசும்போது குறுக்கிட்டால் கோபம் வரும்.’ அரிதாக. தாள் முழுக்க அப்படித்தான் இருந்தது.

கட்டுக்குள் கையை விட்டுத் தன் தாளைத் தேடி எடுத்தார். நடுவில் மூன்று நான்கைத் தவிர, எப்போதும், எப்போதும், எப்போதும் என்று கீழே வரைக்கும் வரிசையாக டிக். சில இடத்தில் பேனா தாளைக் கிழித்திருந்தது. அட்டையை எடுத்துப் பார்த்தார். எப்போதும் என்றால் ஐந்து, ஒருபோதும் இல்லை என்றால் ஒன்று. ‘அமைதியாகக் காத்திருப்பேன்’ என்கிற பழைய வாக்கியங்களுக்காகச் செய்த அட்டை. வாக்கியத்தை மாற்றினாரே தவிர அட்டையை மாற்றவில்லை. அது லேமினேட் செய்த அட்டை.

“தலகீழ்,” என்றார். “அத்தனையும் தலகீழ்.”

அப்போதே முதலாளிக்குப் போன் போட்டார். ஊரிலேயே முன்கோபிகளாகப் பொறுக்கி எடுத்துப் புகார்ப் பிரிவில் உட்கார வைத்த கதையைத் தட்டுத் தடுமாறிச் சொன்னார். முதலாளி கடைசி வரை கேட்டார்.

“அப்ப கோபக்காரன ஒருத்தன்கூடத் தப்பவிடாமப் பிடிச்சிருக்கு உங்க டெஸ்ட்,” என்றார் முதலாளி. “திங்கட்கிழமை, மார்க் பத்தாதுன்னு திருப்பி அனுப்பினவங்களக் கூப்பிடுங்க. சாவி இப்போதைக்கு என்கிட்டயே இருக்கட்டும்.”

போனை வைத்ததும் ஸ்கேலுக்கு உயிர் வந்தது. மனைவியின் கையைப் பிடித்துக்கொண்டார்.

“உனக்குத் தொண்ணூத்தெட்டு. எனக்கு வெறும் முப்பத்திரண்டு. உன்னப் போய் அப்படிச் சொல்லிட்டேனே. என்ன மன்னிச்சிடு.”

“பரவாயில்லங்க,” என்றாள் அவள். “பால் சூடு பண்ணிக் கொண்டு வரேன்.”

அவள் உள்ளே போனதும் ஸ்கேல் மாமனார் பக்கம் திரும்பினார். வெட்கம் கொஞ்சம் தணிந்து பெருமை எட்டிப் பார்க்க ஆரம்பித்திருந்தது.

“இத்தன பேர் இருந்தும் ஒருத்தருக்கும் தோணல பாருங்க மாமா. கடைசில நானேதான் கண்டுபிடிக்க வேண்டியிருந்தது.”

மாமனார் பேப்பரை நிதானமாக மடித்துத் தொடையில் வைத்துக்கொண்டார்.

“அவ மொதல் நாளே கண்டுபிடிச்சிட்டா மாப்பிள்ளை. ஒரு வாக்கியத்தயாவது முடிக்க விடுவீங்கன்னு இத்தன நாளா காத்துக்கிட்டிருந்தா.”