மரியோட்டாவின் இரட்டைக் கோடு

சபையில் வாய் திறக்காமல் இருப்பவனை ஆழமானவன் என்று நினைப்பது உலக வழக்கம். என் விஷயத்தில் அது தப்புக் கணக்கு. பேசாமல் இருக்கும்போது நான் கண்ணைத் திறந்துகொண்டே கனவு காண்கிறேன், அவ்வளவுதான். எங்கள் வீடிருக்கும் அம்மருட்டில் ரயில் ஏறி, இறங்கவேண்டிய இடத்தைக் கடந்து, ஏதோ தெரியாத தரிப்பிடத்தில் விழித்த நாட்கள் உண்டு. அதனால் யாருக்கும் நட்டமில்லை. கனவுக்குள் இருந்தபடியே வாயையும் திறந்த ஒரு நாளில்தான் மகளின் கல்யாணம் குழம்பப் பார்த்தது.

மகள் ஆரணி, எஸ்பென் என்ற நோர்வேப் பொடியனை விரும்பினாள். நல்ல பிள்ளை. (என்னைவிடக் கூச்சம். நாங்கள் இருவரும் தனியே இருந்தால் குளிர்சாதனப் பெட்டியின் சத்தம் மட்டும்தான் கேட்கும்.) அவனுடைய பெற்றோர் எங்களை ஞாயிற்றுக்கிழமைச் சாப்பாட்டுக்கு அழைத்தார்கள். அவர்கள் வீடு நகரத்தின் மேற்கே, மலைமேல். ரயில் சுரங்கத்தை விட்டு வெளியே வந்ததும் பனி சுமந்த மரங்களுக்குக் கீழே கடல் வெள்ளித் தகடாகக் கிடந்தது. நான் அதற்குள் மெல்ல இறங்கிக்கொண்டிருந்தபோது ஆரணி என் கையைப் பிடித்து உலுப்பினாள்.

"அப்பா, ஒண்டே ஒண்டு. நீங்களும் அம்மாவும் மச்சான் மச்சாள் எண்ட கதையை அங்கை எடுக்கக் கூடாது."

"ஏன் பிள்ளை?"

"டீவியிலை பாக்கேல்லையோ? இஞ்சை அப்பிடிக் கட்டுறதையே தடை செய்யினம். கேட்டா அவையள் ஒரு மாதிரிப் பாப்பினம். எஸ்பென்ரை அம்மாவுக்கு என்னைப் பிடிக்கோணும் அப்பா."

"கொப்பர் எங்கை கதைக்கப் போறார்," என்றாள் என் மனைவி தவம். "பத்துக் கேள்விக்கு ஒரு தலையாட்டல். நீ பயப்பிடாதை."

தவம் என் தாய்மாமன் மகள். எங்கள் ஊரில் அதை யாரும் கதையாகவே எடுப்பதில்லை. மழை பெய்தது என்பது போன்ற செய்தி. ஆனாலும் மகளுக்கு "ஓம்" சொன்னேன். மனமாரத்தான் சொன்னேன்.

எஸ்பெனின் அம்மா ஹில்டே வாசலுக்கே வந்து எங்களை அழைத்துப் போனார். மெழுகுதிரி வெளிச்சம், அவித்த உருளைக்கிழங்கு, வெளியே ஓசையில்லாமல் பனி. மேசைக்கு எதிரே சுவர் நிறைய ஒரு வம்ச விருட்சம் சட்டம் போட்டுத் தொங்கியது. அதன் உச்சியில் மரியோட்டா என்று ஒரு பெயர். ஸ்கொட்லாந்துப் பிரபு ஒருவரின் மகளாம். ஏழு நூற்றாண்டுக்கு முன் கப்பலேறி இங்கே வாழ்க்கைப்பட்டு வந்தவளாம். ஹில்டே எழுந்துபோய், மேலிருந்து விரல் வைத்துப் பெயர் பெயராக எஸ்பென்வரை இறங்கினார்.

அவர் இறங்கினார், நான் மேலேயே நின்றுவிட்டேன். மூடுபனி. உப்பு ஊறிய கயிறுகளின் மணம். கப்பலின் விளிம்பில் கம்பளி போர்த்திய ஒரு பெண். கரையில் அவளுடைய அப்பன். அவனும் என்னைப்போலக் கூச்சக்காரன் போலும், போய் வா என்று சொல்லக்கூட வாய் வரவில்லை. எனக்குக் கண் கலங்கியது. அந்தக் கலங்கலுக்குள்தான் ஒன்றைக் கண்டேன். எல்லாச் சோடிகளையும் ஒற்றைக் கோடு இணைத்தது. மரியோட்டாவையும் புருஷனையும் மட்டும் இரட்டைக் கோடு.

"அது ஏன் இரண்டு?" என்று கேட்டேன். (விதி.)

ஹில்டேயின் முகம் சிவந்தது. "அவர்கள் நெருங்கிய உறவு," என்றார் தாழ்ந்த குரலில். "அவனுடைய அம்மா மரியோட்டாவின் அப்பாவுக்குச் சகோதரி. தேவாலயத்தில் விசேட அனுமதி வாங்கித்தான் கட்டினார்களாம். சின்ன வயதில் தோழிகள் வந்தால் அந்த இடத்தை நான் பூச்சாடி வைத்து மறைப்பேன்."

மாமி மகன். அப்பழுக்கில்லாத முறை மாப்பிள்ளை. அதற்கா பூச்சாடி? நான் இன்னும் கப்பலில்தான் நின்றேன். அங்கிருந்தபடியே சொன்னேன்:

"வெட்கப்படாதீர்கள். நானும் என் மனைவியும் அதேதான்."

மேசைக்குக் கீழே தவம் உதைத்தாள். (பட்டது எஸ்பெனின் அப்பா ஆர்னேவுக்கு.) ஆரணி தன் தட்டிலிருந்த உருளைக்கிழங்கைப் பரீட்சைத் தாள்போலப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அதே என்றால்?" என்றார் ஆர்னே, காலைத் தடவியபடி.

அந்த இடத்திலாவது மௌனத்துக்குத் திரும்பியிருக்கலாம். நான் சட்டைப்பையிலிருந்து பேனையை எடுத்தேன். தட்டருகே மடித்திருந்த வெள்ளை நாப்கினை விரித்து என் வம்சத்தைக் கீறத் தொடங்கினேன். பெரியப்பா மகள் சகோதரி, நினைத்தாலே பாவம். மாமா மகள் உரிமை. அம்புக்குறிகள் போட்டேன், வட்டங்கள் போட்டேன். நோர்வேக்கு வந்த நாளிலிருந்து நான் மூச்சுவிடாமல் பேசிய மிக நீண்ட பேச்சு அதுதான். இலக்கணம்கூட ஓரளவு சரியாக வந்தது.

"அத்தான்," என்றாள் தவம். கல்யாணத்துக்கு முன் என்னைக் கூப்பிட்ட முறை, பதற்றத்தில் வாயில் வந்துவிட்டது. "அத்தான், அது துணி."

பார்த்தேன். எங்கள் வீட்டுக் கடதாசி நாப்கின் அல்ல. மூலையில் மரியோட்டா குடும்பத்தின் சின்னம் வெள்ளை நூலில் பின்னியிருந்தது. அந்தச் சின்னத்தின்மேல் என் பெரியப்பா உட்கார்ந்திருந்தார்.

ஹில்டே நாப்கினை எடுத்தார். அதைப் பார்த்தார், சுவரைப் பார்த்தார். 

"அப்படியானால் உங்கள் கணக்கில் மரியோட்டா தவறு செய்யவில்லையா?"

"எங்கள் ஊர் என்றால் வாசலில் வாழை கட்டியிருப்போம்," என்றேன்.

அவர் நாப்கினிலிருந்த ஓர் அம்புக்குறியின்மேல் விரலை ஓட்டினார். பிறகு, "தடை சரியென்றுதான் இப்போதும் நினைக்கிறேன்," என்றார். "ஆனால் பாவம் அவள். அத்தனை வருடம் பூச்சாடிக்குப் பின்னால் இருந்திருக்கிறாள்." நாப்கினை நாலாக மடித்துத் தன் பக்கத்தில் வைத்துக்கொண்டு, ஆரணியிடம், "உன் அப்பா பேசமாட்டார் என்று சொன்னாயே," என்று சிரித்தார்.

திரும்பும் வழியில் சுரங்கம் வரும்வரை ஆரணி முகத்தை யன்னல் பக்கம் திருப்பியே வைத்திருந்தாள். பிறகு இருட்டில் கேட்டாள்: "அப்பா, பெரியப்பான்ரை மகளின்ரை கதையும் சொல்லத்தான் வேணுமோ?" அடுத்த வெளிச்சத்தில் பார்த்தேன், கண்ணைத் துடைத்துத் துடைத்துச் சிரித்துக்கொண்டிருந்தாள். நான் மரியோட்டாவின் கப்பலில் நின்ற கதையை அப்போதுதான் அவளிடம் சொன்னேன்.

கல்யாணம் நடந்தது. அதன் பிறகு ஹில்டே விருட்சத்தில் எங்கள் கிளையையும் சேர்க்க விரும்பி, எனக்கும் தவத்துக்கும் இடையில் எத்தனை கோடு போடலாம் என்று ஆரணியிடம் கேட்டனுப்பினார்.

"ரெண்டு போடச் சொல்லு," என்றாள் தவம். "நான் என்ன, களவாயே கட்டினனான்?"

ஆகவே அந்தச் சுவரில் இப்போது இரண்டு இரட்டைக் கோடுகள் இருக்கின்றன. உச்சியில் மரியோட்டா, அடியில், எழுநூறு வருடம் தள்ளி, நாங்கள். நாப்கினில் மை போகவே இல்லை. கிறிஸ்மஸ் விருந்தில் நான் கொஞ்சம் அமைதியானால் போதும், "அப்பா கப்பலேறீட்டார்" என்கிறாள் ஆரணி. அந்த வீட்டு மேசையில் எல்லோருக்கும் துணி நாப்கின். என் தட்டருகே மட்டும் கடதாசி, அதன்மேல் ஒரு பேனை.