கை நனைக்காத நாத்தனார்

பசியோடு இருக்கிறவளை எந்த நல்ல காரியத்துக்கும் அழைத்துப் போகக் கூடாது. இதை நான் யாரிடமும் கேட்டுத் தெரிந்துகொள்ளவில்லை. என் தம்பியின் கல்யாணத்தைக் கெடுக்கப் பார்த்துத்தான் தெரிந்துகொண்டேன்.

தூத்துக்குடியில் ஒரு ஷிப்பிங் ஏஜென்சியில் எனக்கு வேலை. கப்பல் அசையும், கன்டெய்னர் அசையும், நான் மட்டும் நாற்காலியை விட்டு அசைய மாட்டேன். சாயங்காலம் ஆனால் பொரித்த பரோட்டா, ஞாயிற்றுக்கிழமை மக்ரூன். (ஞாயிற்றுக்கிழமை என்பது ஒரு பேச்சுக்கு.) "சர்க்கரை எல்லையில வந்து நிக்குதும்மா" என்று டாக்டர் சொன்னதும் எனக்குத் திக்கென்றது. அம்மாவை எங்களிடமிருந்து கொண்டுபோனது அதே சர்க்கரைதான். அப்போது தம்பி ஜெரால்டு நடுக்கடலில் கப்பலில் இருந்தான். முகம் பார்க்கக்கூட அவனால் வர முடியவில்லை.

அந்தப் பயத்தில் இருந்தபோதுதான் ஆபீஸில் ஒரு பெண் 'இன்டர்மிட்டன்ட் ஃபாஸ்டிங்' பற்றிச் சொன்னாள். ராத்திரி எட்டு மணிக்கு வாயை மூடினால் மறுநாள் மதியம் பன்னிரண்டு மணிக்குத்தான் திறக்க வேண்டுமாம். தவக்காலத்தில் ஒருசந்தி இருக்கச் சொன்னால் தலை சுற்றுகிறது என்று காலையிலேயே இட்லிச் சட்டியைத் திறக்கிறவள் நான். ஆனால் இதற்குச் செல்போனில் ஓர் ஆப் உண்டு. நடுவில் ஒரு வாய் தின்றேன் என்று அதில் ஒப்புக்கொண்டால் அத்தனை நாள் பட்டினியும் பூஜ்யமாகிவிடும். சாமிக்குப் பயப்படாத நான் அந்தப் பூஜ்யத்துக்குப் பயந்தேன்.

இதற்கிடையில் ஜெரால்டு லீவில் வந்தான். வருஷத்தில் பாதிக்கு மேல் கடலில் கிடக்கிறவனுக்கு யார் பெண் கொடுப்பார்கள்? வந்த சம்பந்தமெல்லாம் தட்டிப்போயிற்று. கடைசியாகத் திருச்செந்தூர்ப் பக்கம் ஒரு கடற்கரை ஊரில் ஸ்டெல்லா என்று ஒரு பெண் அமைந்தாள். போனில் பேசி இருவருக்கும் பிடித்துவிட்டது. கப்பல் ஏறுவதற்குள் பேசி முடித்துவிட வேண்டும் என்று பையன் தவியாய்த் தவித்தான். அப்பாவும் இல்லாததால் பெரியப்பாவும் நானும்தான் பெரியவர்கள். அம்மா இடத்தில் நான்.

ஜெரால்டுதான் கார் ஓட்டினான். ஆறுமுகநேரி உப்பளங்களைத் தாண்டும்போது அங்கே குவித்திருந்த உப்பெல்லாம் என் கண்ணுக்குச் சோறாகத் தெரிந்தது. அப்போதே நான் சுதாரித்திருக்க வேண்டும்.

பெண் வீட்டில் பேச்சு நன்றாகத்தான் போயிற்று. ஸ்டெல்லா வந்து எல்லாருக்கும் கும்பிடு போட்டாள். ஜெரால்டு வாயை மூடவே இல்லை, அவ்வளவு சிரிப்பு. ஸ்டெல்லாவின் அம்மா இலை போட்டு, சீலா மீன் குழம்பையும் இறால் வறுவலையும் கொண்டுவந்து வைத்தார். மணி பதினொன்றரை.

எங்கள் பக்கம் பெண் பார்க்கப் போன வீட்டில் கை நனைத்தால், அதாவது சாப்பிட்டால், சம்பந்தத்துக்குச் சம்மதம். நனைக்காமல் எழுந்தால் வேண்டாம் என்று அர்த்தம். வாயால் சொல்லி யார் மனசையும் நோகடிக்க வேண்டாமே என்று வைத்த வழக்கம். இது எனக்குத் தெரியாதா? விவரம் தெரிந்த நாளிலிருந்து தெரியும். ஆனால் அன்று என் மண்டைக்குள் அந்த ஆப்தான் உட்கார்ந்திருந்தது.

"சாப்புடுங்கம்மா" என்றார் ஸ்டெல்லாவின் அம்மா.

"எனக்கு வேண்டாம். மத்தவங்களுக்கு வைங்க."

"ஒரு வாயாவது..."

"ஒரு வாய்கூட வேண்டாம்." (என்ன உறுதி! பரோட்டாக் கடையில் இந்த உறுதி எங்கே போயிருந்ததோ!)

கரண்டி அப்படியே நின்றது. ஸ்டெல்லாவின் அப்பா மெதுவாகக் கேட்டார். "நோன்பாம்மா? தவக்காலந்தான் முடிஞ்சிட்டே?"

"நோன்பெல்லாம் இல்ல அண்ணாச்சி. சும்மாதான்."

குண்டாக இருக்கிறேன், இளைக்கப் பார்க்கிறேன் என்று புது மனிதர்கள் முன்னால் சொல்ல எனக்கு வெட்கமாக இருந்தது. பெரியப்பா இலையில் வைத்த கையை எடுத்துவிட்டார். என் மேல் அவருக்கு அத்தனை நம்பிக்கை.

"எங்க புள்ள சும்மா சொல்ல மாட்டா. ஏலே ஜெரால்டு, எந்திரி, போவோம்."

எல்லாரும் எழுந்ததால் நானும் எழுந்தேன். பெரியப்பாவுக்கு இந்த இடம் பிடிக்கவில்லை போலிருக்கிறதே என்று வருத்தப்பட்டேன். என் புத்தியைப் பாருங்கள்!

கார் தெருவைத் தாண்டியதும் பெரியப்பா திரும்பினார். "ஏளா, அங்கன அப்படி என்னத்தக் கண்ட?"

"நான் எங்க கண்டேன்? நீங்கதான எந்திரிச்சீங்க?"

"நீதான கை நனைக்க மாட்டேன்னுட்ட!"

"ஐயோ பெரியப்பா, மணி பன்னெண்டு ஆவலியே!"

ஜெரால்டு காரை ஓரங்கட்டினான். திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன். அவன் திட்டவில்லை.

"அம்மா இருந்தா சாப்பிட்டிருப்பா, அக்கா" என்றான்.

எனக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. "வண்டியத் திருப்புடா" என்றேன்.

நாங்கள் திரும்பிப் போனபோது குழம்பைத் தூக்குவாளியில் ஊற்றி அடுத்த வீட்டுக்குக் கொடுத்துக்கொண்டிருந்தார்கள். ஸ்டெல்லாவின் அம்மாவுக்குக் கண் சிவந்திருந்தது. நான் நேராக உள்ளே போய்த் தரையில் உட்கார்ந்தேன்.

"அத்தை, பசிக்குது. சோறு போடுங்க."

அப்புறம் சர்க்கரை, அம்மா, ஆப், என் எடை என்று எல்லாவற்றையும் மூக்கைச் சிந்திக்கொண்டே கொட்டினேன். ஸ்டெல்லாவின் அப்பா சிரித்துவிட்டார். அத்தை சிரிக்கவில்லை, இலை போட்டார். மறுசோறு வைத்தார், மீன் வைத்தார், அதன் மேல் இன்னொரு மீன் வைத்தார். இனிமேல் அந்த வீட்டில் 'வேண்டாம்' என்று என்னால் சொல்ல முடியுமா? வைக்க வைக்க உள்ளே தள்ளினேன். கடைசியில் பெரியப்பாதான், "போதும்ளா, சம்பந்தம் முடிஞ்சிட்டு" என்று தடுத்தார். அந்த நேரம் பார்த்து என் போன் மணியடித்தது. ஸ்டெல்லா எடுத்துச் சத்தமாக வாசித்தாள். "வாழ்த்துகள்! உங்கள் விரதம் வெற்றிகரமாக நிறைவடைந்தது!"

கல்யாணம் நடந்தது. அந்த ஆப்பை நீக்கிவிட்டேன். இப்போது டாக்டர் சொன்ன சாப்பாடும் கடற்கரையில் நடையுமாக எப்படியோ சமாளிக்கிறேன். ஜெரால்டின் மகள் வீடெல்லாம் ஓடித் திரிகிறாள். ஆனாலும் அத்தை வீட்டில், ஸ்டெல்லாவின் மைனியான நான், அதாவது நாத்தனார், முதல் வாய் வைக்காமல் யாரும் இலையில் கை வைப்பதில்லை. போன மாதம் எல்லாருமாக அங்கே போயிருந்தபோது எனக்கு வயிறு சரியில்லை. மோர் மட்டும் போதும் என்றேன். அத்தை கரண்டியோடு அடுப்படிப் பக்கம் திரும்பிக் குரல் கொடுத்தார்.

"ஏளா ஸ்டெல்லா, பெட்டியக் கட்டு! ஒங்க மைனிக்கு ஒன்னயப் பிடிக்கலியாம்!"